முழுவதையும் எழுதிய மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

காலையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். சுருள் சுருளாக விழுந்த மரச் சீவலை எடுத்து முகர்ந்து பார்த்தபோது உங்கள் சட்டைப் பையின் வாசனை வந்தது. அந்தப் பையில் எப்போதும் மூன்று பென்சில்கள் நிற்கும். இரண்டு முனையும் சீவியவை. சட்டை துவைக்கும்போதெல்லாம் அக்கா, "இந்த மனுசன் சட்டைக்கு ரெண்டு மாசந்தான் ஆயுசு, பையெல்லாம் பொத்தல்" என்று சத்தம் போடுவாள்.

அந்த வாசனை போவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், நான்தான் எழுதுகிறேன். யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை. மலாக்கா பாச்சாங்கில் கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் வயதானவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். நாங்கள் பதினோரு பேர். அதில் ஆண்கள் இரண்டே பேர். சொல்லித் தருவது பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண். நான் டீச்சர் என்று கூப்பிட்டால் அதற்குக் கூச்சமாக இருக்கிறது. வேறு எப்படிக் கூப்பிடுவது?

கட்டைவிரல் ரேகை வைத்தே எண்பது வயது வரை வந்தவன் நான். இப்போது என் பெயரை எழுதுகிறேன். கடைப் பலகைகளை நின்று படிக்கிறேன். கோயில் வாசலில் 'செருப்புகளை இங்கே விடவும்' என்று ஒரு பலகை இருக்கிறது. அது என்ன சொல்கிறது என்று தெரியாமலேயே இத்தனை வருஷமும் சரியாக அங்கேதான் செருப்பை விட்டிருக்கிறேன். அதைப் படித்த அன்று தனியாக நின்று சிரித்தேன். போனவர்கள் வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

போன மாதம் டீச்சர் எல்லாரையும் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். மற்றவர்கள் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு, கோலாலம்பூரில் இருக்கும் மகளுக்கு என்று ஆரம்பித்தார்கள். நான் கையைத் தூக்கி, "செத்துப் போனவங்களுக்கு எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டேன்.

பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, டீச்சர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "எழுதலாம் அண்ணே. கொண்டுபோற தபால்காரர்தான் திரும்பி வரமாட்டாரு" என்றார். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "தாராளமா எழுதுங்க தாத்தா" என்றார்.

ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடுகிறது. கை வலிக்கிறது. நீங்கள் எப்படித்தான் நாள் முழுக்க எழுதினீர்களோ.

நீங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு பாச்சாங்கிலிருந்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். தோட்டத்தில் இருப்பவன் டவுனுக்குப் போகத் தவிப்பான். நீங்கள் டவுனிலிருந்து தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்தீர்கள். அப்பா போய்விட்டார், அம்மாவுக்கு நடக்க முடியவில்லை, அக்கா அம்மாவை விட்டு வரமாட்டாள். அதனால் நீங்கள் வந்தீர்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்ற பெயரையும் வாங்கிக்கொண்டீர்கள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவர் என்பதால் தோட்டத்து ஆபீசில் பியூன் வேலை கிடைத்தது.

அந்தக் காலம்தான் காட்டுச் சண்டைக் காலம். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்கு மூடுவார்கள். மரம் சீவப் போகும்போது ஒரு பிடி சோறு கூடக் கொண்டுபோக முடியாது. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடுமாம். கடையில் டின் பால் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை போட்ட டின் கெட்டுப்போகும், பதுக்கி வைக்க முடியாது. கேட்டில் போலீஸ்காரர்கள் பால்வாளிக்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள். பிடிபட்டவர்களை எங்கேயோ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்தியாவை ஒருநாளும் பார்த்திராதவர்களையும் அனுப்பினார்கள்.

அப்படிப்பட்ட நாளில்தான் நீங்கள் கோர்ட்டில் சுருக்கெழுத்துக்காரர் ஆகப்போவதாகச் சொன்னீர்கள். யார் பேசினாலும் பேசிய வேகத்திலேயே எழுதுகிற வேலை. பழைய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாகத் தனியாகப் படித்திருந்தீர்கள். அலோர் காஜா கோர்ட்டில் இருந்த பெரிய சுருக்கெழுத்துக்காரர் உங்களை ஆறு மாதம் ஓரமாக உட்கார்ந்து பழக அனுமதித்தார். ஆறாவது மாதம் பரீட்சை. தேறினால் உத்தியோகம். தோட்டத்துத் துரை மட்டும், "போறதுன்னா போ, இந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு அப்போது ஏழாவது மாதம். பரீட்சையில் தவறினால் நீங்களும் பால்வாளியைத் தூக்க வேண்டியதுதான்.

முதல் வாரமே முகம் தொங்கிப்போய் வந்தீர்கள்.

"கையில வேகம் இருக்குங்கிறாரு மாப்ள. காதுதான் ஓடிப்போயிடுதாம்."

"எங்க ஓடுது?"

"சாட்சி சொல்றவன் கதையில. ஒரு சீனன் பன்னி காணாமப் போன கேஸ். அவன் சொல்லச் சொல்ல, ஐயோ அப்புறம் பன்னி கெடைச்சுதான்னு கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். பென்சில் நின்னுபோச்சு."

பன்றி கிடைத்ததா என்று நான் கேட்டேன். அதுவும் உங்களுக்குத் தெரியவில்லை. அதற்குள் பெரியவர் உங்கள் காதைத் திருகாத குறையாகத் திட்டிவிட்டார்.

அப்போது நீங்கள் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "காதுக்கும் கைக்கும் நடுவுல மனசு வந்து உக்காந்துக்குது மாப்ள. அதை எழுப்பி அந்தாண்ட அனுப்பணும்."

அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். மச்சானும் மச்சானும் கேலி பேசினால் பதில் சொல்லாமல் இருக்கக்கூடாது என்பது நம் வழக்கம். பதில் சொல்லாதவன் தோற்றவன். அன்று முழுக்க லயத்தில் தலைகாட்ட முடியாது. நீங்கள் என்னிடம் வந்து, "தினம் சாயங்காலம் என்னைக் கேலி பண்ணு. நான் பதில் சொல்லாம எழுதுறேன். அது முடிஞ்சா எதுவும் முடியும்" என்றீர்கள். சுருக்கெழுத்து ஓசைக்கு எழுதுவது, இங்கிலீஷோ தமிழோ கைக்கு எல்லாம் ஒன்றுதான் என்றீர்கள். இங்கிலீஷுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வைத்திருந்த ரேடியோப் பெட்டி, கேலிக்கு நான்.

எனக்குப் பத்தொன்பது வயது. இப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும்?

முதல் நாள் வாசல்படியில் உட்கார்ந்தீர்கள். நோட்டு முழங்கால் மேல். நான் எதிரே குந்தி ஆரம்பித்தேன். "எங்க மச்சான் பொண்ணு பாக்க வந்தாரு. பாச்சாங்குல பங்களா இருக்குன்னாங்க. போய்ப் பாத்தா பங்களா இருக்கு, அதுக்குப் பின்னால கோழிக்கூடு இருக்கு, அதுக்கும் பின்னால இவரு வீடு இருக்கு." எழுதினீர்கள். உதடு துடித்தது, ஆனாலும் எழுதினீர்கள். "வந்த அன்னிக்கு ஏழு வடை தின்னாரு."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டீர்கள். "ஆறுதான். உங்க அம்மாவே எண்ணிப் பாத்தாங்க."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிட்டால் யாருக்கும் போக இடம் இல்லை. லயமே நம் வாசலுக்கு வந்துவிடும். அடுத்த வீட்டு அத்தை தன் பங்குக்கு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அக்கா உள்ளேயிருந்து, "என் புருசனைத் திட்டுறதுக்கு ஊரே கூடி நிக்குது. ஒருத்தராவது விறகு ஒடைக்க வர்றீங்களா?" என்பாள்.

ஒரு மாதத்தில் உதடு துடிப்பது நின்றது. இரண்டாவது மாதம் குழந்தைகள் உங்கள் முதுகில் ஏறினாலும், லாரி ஒலிபெருக்கியில் ஊரடங்கை அறிவித்துக்கொண்டு போனாலும் பென்சில் நிற்கவில்லை. எழுதி முடித்ததும் படித்துக் காட்டுவீர்கள். அதுதான் எனக்குப் பிடித்த நேரம். புழு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும் அந்தக் கோடுகளிலிருந்து என் பேச்சு திரும்பி வரும். நான் இழுத்த இழுப்பு, நடுவில் துப்பிவிட்டுத் தொடர்ந்த இடம், எல்லாம் இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. உங்கள் கோடும் பள்ளிக்கூடத்து எழுத்தும் எனக்கு ஒன்றுதான். எழுத்து என்றால் பேசியது பேசியபடி அங்கே இருக்கும் என்று மட்டும் அந்த வாசல்படியில்தான் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாவது மாதத்தில் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. நீங்கள் விடிந்ததும் அலோர் காஜாவுக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். நான் மரம் சீவி முடித்து, ரப்பர் பாலை ஊற்றிவிட்டு, பெரிய டிவிஷனில் இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போனேன். அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் நல்ல மனிதர். ஒரு பால் டின்னைக் கொடுத்தார். ஆஸ்பத்திரி டின் என்பதால் அதில் ஓட்டை இல்லை. கேட்டில் காட்ட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் மழை கொட்டியது. காட்டோரமாக ஒரு மரத்தடியில் ஒதுங்கினேன். அங்கேதான் போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஓட்டை போடாத டின், காட்டு ஓரம், தனியாக ஓர் ஆள். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தேன். அது மாவாகக் கரைந்து கையில் ஒட்டியது.

இரண்டு நாள் லாக்கப்பில் இருந்தேன். டிரெசர் அன்று மாலையே லீவில் பினாங்குக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்தீர்கள் என்றும், உள்ளே விடவில்லை என்றும், கேஸ் மலாக்காவில்தான் நடக்கும் என்று உங்களிடம் சொல்லி அனுப்பினார்கள் என்றும் பின்னால்தான் தெரிந்தது. லாக்கப்பில் என்னோடு இருந்த ஒருவர், "பால் டின்னா? கப்பல்தான் தம்பி" என்றார். கப்பலை நினைத்து நான் பயப்பட்டதைவிட, அங்கே இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாதே என்று பயந்ததுதான் அதிகம்.

மூன்றாம் நாள் காலை என்னை அலோர் காஜா கோர்ட்டுக்கே கொண்டுபோனார்கள். கூண்டில் ஏற்றினார்கள். மேலே மாஜிஸ்திரேட். அவருக்குக் கீழே பெரிய சுருக்கெழுத்துக்காரர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஐயா. சுவரோரமாக ஒரு சின்ன மேசை. அந்த மேசையில் நீங்கள்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரு நொடிதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பென்சிலைத் தூக்கினீர்கள். மச்சான், உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. எழுந்து நின்று, 'இவன் என் மச்சான், நல்லவன்' என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்களோ யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

போலீஸ் தரப்பு இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்றே?" என்றார்.

நான் யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும்? மாஜிஸ்திரேட்டைப் பார்த்து. நான் பார்த்தது உங்கள் பென்சிலை. நான்கு மாதப் பழக்கம் அப்படி. தூக்கிப் பிடித்த பென்சிலைக் கண்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. நடுவில் நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், வாசல்படியில் குந்தியிருப்பது போலவே பேசினேன்.

"நான் திருடல, காட்டுக்கும் கொடுக்கல. எங்க அக்கா புள்ளைக்கு நாப்பது நாள். அக்காவுக்குப் பால் வத்திப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிரெசர் ஐயா டின்னும் கொடுத்தாரு சீட்டும் கொடுத்தாரு. சீட்டை மழை தின்னுடுச்சு. ஆனா எங்க டிரெசர் ஐயா சந்தேகப் பிராணி. யாரோ ஒருத்தன் ஒரு தடவை ஆஸ்பத்திரி டின்னை வித்துப்புட்டான், அதுலேருந்து எந்த டின்னைக் கொடுத்தாலும் லேபிளைக் கொஞ்சம் தூக்கி, புஸ்தகத்துல புள்ளைக்கு என்ன நம்பரோ அதை ஆணியால தகரத்துல கீறிட்டு, லேபிளை மறுபடி ஒட்டித்தான் கொடுப்பாரு. நான் என் கண்ணால பாத்தேன். இந்தப் புள்ளையோட அப்பன் எங்க வீட்டோட மாப்பிள்ளை. ஏழு வடை தின்னவரு. அவரு கோர்ட்டுல சொகுசா உக்காந்திருக்காரு, மழையில நனைஞ்சது நானு."

மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொன்னார். இரண்டு மூச்சில் முடிந்துவிட்டது. 'டிரெசர் கொடுத்தார் என்கிறார், சீட்டு தொலைந்துவிட்டது என்கிறார்' என்று மட்டும்தான் சொன்னார் என்று நீங்கள்தான் பிறகு சொன்னீர்கள். அவர் கெட்டவர் இல்லை. அன்று அவருக்கு அது எத்தனையாவது கேஸோ. ஆனால் எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அளவு தெரியும். நான் ஒரு வாளிப் பாலை ஊற்றினேன், அவர் மரத்தில் பால் பிடிக்கும் ஒரு சின்ன மங்கு அளவுக்குத்தான் எடுத்துக் கொடுத்தார்.

டிரெசர் லீவில் இருக்கிறார், சீட்டு இல்லை, அதனால் ஆளைத் தடுப்புக் காவலில் வைக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். எடுத்தவர் என்னைப் பார்த்தார். பிறகு பெரிய சுருக்கெழுத்துக்காரரிடம் என் பதிலைப் படிக்கச் சொன்னார். அவர் அந்த ஒரு வரியைப் படித்தார்.

மாஜிஸ்திரேட் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இவன் ஒரு காப்பி குடிக்கிற நேரம் பேசினானே, மீதி எங்கே என்று கேட்டாராம். பெரிய சுருக்கெழுத்துக்காரர் திரும்பி உங்கள் மேசையைப் பார்த்தார். நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்திருந்தது.

உங்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நீங்கள் எழுந்ததும் முதலில் ஏதோ சொன்னீர்கள். 'ஐயா, இவர் என் மனைவியின் தம்பி. படிப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்' என்று சொன்னீர்களாம். ஐந்து மாதமாக ஓரமாக உட்கார்ந்து சம்பாதித்த இடத்தை அந்த ஒரு வாக்கியத்தில் மேசை மேல் வைத்துவிட்டீர்கள். எனக்கு அது தெரியாது. நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதை மட்டும் பார்த்தேன்.

மாஜிஸ்திரேட், நீங்கள் தமிழில் படிக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியும் அப்படித்தான் சொல்லப்பட்டதா என்று பார்த்து இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்றார்.

நீங்கள் படித்தீர்கள். நான் திருடல, காட்டுக்கும் கொடுக்கல. என் குரலில் இருந்த அவசரம் உங்கள் குரலில் இல்லை. ஆனால் வார்த்தை ஒன்று கூடக் குறையவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். "லேபிளைக் கொஞ்சம் தூக்கி" என்ற இடத்தில் உங்கள் குரல் நின்றது. அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டீர்கள். பிறகு படித்தீர்கள். வடை வரைக்கும் படித்தீர்கள். மொழிபெயர்ப்பாளர் வடையையும் இங்கிலீஷில் சொன்னார். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை, மூக்கைத் தடவிக்கொண்டார்.

டின்னைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் லேபிளை நகத்தால் கிழித்தார். தகரத்தில் ஆணிக் கீறல் இருந்தது. ஓர் எண். தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டார்கள். ஆஸ்பத்திரிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். அக்கா குழந்தைக்கு அதே எண்.

கூண்டிலிருந்து இறங்கச் சொன்னபோது எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியவில்லை. டின்னையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

உங்களால் உடனே வெளியே வர முடியவில்லை. இன்னும் கேஸ்கள் இருந்தன. நான் கோர்ட்டு வாசலில், வெயிலில், டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிழலுக்குப் போகவும் தோன்றவில்லை. இரண்டு நாள் லாக்கப்பில் இருந்தவனுக்கு வெயில் நன்றாகத்தான் இருந்தது.

நான்கு மணிக்கு வந்தீர்கள். கேட்டு மூடுவதற்குள் போக வேண்டும் என்று ஓடிப்போய்ப் பஸ் பிடித்தோம். பாதி வழியில் பஸ் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தீர்கள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"ஏழு வடைன்னு கோர்ட்டு ரெக்கார்டுல ஏறிடுச்சு மாப்ள. இனிமே யாராலயும் அழிக்க முடியாது."

நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. உங்களுக்கும் வந்தது. பஸ்ஸில் இருந்த மலாய்க்காரப் பாட்டி ஒருத்தி நம்மைப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள்.

"ஏன் மச்சான் என்னைப் பாத்துட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"எந்திரிச்சு வெளிய போயிருக்கணும். அதான் முறை. சொந்தக்காரன் கேஸுல உக்காரக்கூடாது. காலு வரல மாப்ள. நீ வாயத் தொறந்துட்ட, கை ஓட ஆரம்பிச்சிடுச்சு."

"நான் சொன்னது கேட்டுச்சுல்ல?"

"சத்தம் கேட்டுச்சு. என்ன சொன்னேன்னு படிக்கிறப்பத்தான் தெரிஞ்சுது. அந்த லேபிள் சமாச்சாரத்தைப் படிக்கிறப்ப, டேய் இவன் பொழைச்சான்டான்னு தோணிச்சு. அதான் அங்க நின்னுட்டேன்."

மனசை எழுப்பி அந்தப் பக்கம் அனுப்பிவிட்டீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பதறியிருந்தால் பாதியில் நின்றிருக்கும். பாசத்தோடு கேட்டிருந்தால் முக்கியம் என்று உங்களுக்குத் தோன்றியதை மட்டும் எழுதியிருப்பீர்கள். ஒரு டிரெசரின் சந்தேகப் புத்தி யாருக்கு முக்கியமாகத் தோன்றும்? நீங்கள் எதையும் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதினீர்கள்.

பெரிய சுருக்கெழுத்துக்காரர் மறுநாள் உங்களைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினார். முறை தப்பியதற்காகப் பரீட்சையை மூன்று மாதம் தள்ளி வைத்தார். திட்டி முடித்துவிட்டு, "ஆனா ஒரு சொல் விடலை" என்றாராம். அதை மட்டும் அக்காவிடம் மூன்று தடவை சொன்னீர்கள். அந்த மூன்று மாதமும் சம்பளம் இல்லாமல் கஷ்டப்பட்டோம். ஆனாலும் சாயங்காலம் வாசல்படியில் கூட்டம் குறையவில்லை. பரீட்சையில் தேறினீர்கள். வேலி போன பிறகும், துரைகள் போன பிறகும், தலைநரைத்து ஓய்வு பெறும் வரை அதே வேலையில்தான் இருந்தீர்கள். அந்தக் குழந்தை இப்போது தானே பாட்டியாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை வந்து, "மாமா, நீங்களா எழுதுறீங்க?" என்று என் நோட்டைத் தூக்கிப் பார்த்தது. கையை எடு என்று சொல்லிவிட்டேன். முடிந்த பிறகு படிக்கட்டும்.

அக்கா போய் இரண்டு வருஷத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. சாவு வீட்டில் எல்லாரும் ஏதேதோ பேசினார்கள். கோர்ட்டுக் கதையை நான் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர் குறுக்கே விழுந்து, "ஆமா, மச்சானைக் காப்பாத்துனாரு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் விடவில்லை. மழையிலிருந்து ஆரம்பித்து வடை வரை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

மச்சான், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். அன்றைக்குப் பிறகு என் பேச்சைக் குறுக்க நான் யாரையும் விட்டதில்லை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது ஆபீசில் நின்று பேசியவன் நான். நில ஆபீசிலும் பேசினேன். மொழிபெயர்த்தவர் குறைத்துச் சொன்னால், அளவு எனக்குத் தெரியும், "நான் சொன்னது இன்னும் இருக்கு ஐயா" என்று நின்றுகொள்வேன். படிக்காதவன் என்று அதட்டுவார்கள். அதட்டட்டும். எழுத்தில் ஏறினால் பேச்சு எவ்வளவு உறுதியாக நிற்கும் என்று பார்த்தவன் நான்.

போன வாரம் என் மகனின் மனைவி, மருமகள், என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். டாக்டர் சின்னப் பெண், சீனப் பெண். எனக்கு எங்கே வலிக்கிறது, எப்போது ஆரம்பிக்கிறது, மாடிப்படி ஏறினால் எப்படி, உட்கார்ந்து எழுதினால் எப்படி என்று நிதானமாகச் சொன்னேன். மருமகள் நல்லவள், ஆனால் அவசரக்காரி. டாக்டரிடம் மலாயில், "மாமாவுக்கு முட்டி வலி, டாக்டர்" என்றாள். டாக்டர் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"நான் சொன்னது இன்னும் இருக்கும்மா," என்றேன். "முழுசா சொல்லு."

"மாமா, வெளிய இருபது பேரு காத்திருக்காங்க."

"இருக்கட்டும். மொதல்லேருந்து சொல்லு."

மருமகள் பெருமூச்சு விட்டுவிட்டு மாடிப்படியிலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மறுபடி விசைப்பலகை மேல் வைத்தார்.